புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு நாள்: அருங்காட்சியகம், சித்தன்னவாசல் தவிர வேறென்ன பார்க்கலாம்?

கேட்டவர்: வெள்ளாற்றங்கரை

வணக்கம். பொங்கலுக்கு கீரனூர் பக்கம் அம்மா வீட்டுக்கு வருகிறோம், கையில் இரண்டு நாள் இருக்கும், சொந்தக் கார். பிள்ளைகள் இருவரும் ஹைஸ்கூல், கோயில் கோயிலாக இறக்கிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்பா ஆயுசு முழுக்க நெல்லும் கடலையும் போட்டவர், இப்போது முழங்கால் வலி, மலை ஏற முடியாது, ஆனால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. இணையத்தில் எங்கே தேடினாலும் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, ஆவுடையார்கோயில் என்று அதே பட்டியல்தான் வருகிறது. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

பதில்: மேலமலை

முதலில் நார்த்தாமலை. திருச்சி ரோட்டிலேயே இருக்கிறது, உங்களுக்குக் கீரனூரிலிருந்து பக்கம், காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், ஏனென்றால் அங்கே மேலமலை என்ற குன்று முழுக்க மொட்டைப் பாறை, பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மேலே விஜயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில். பெயர்தான் சோழன் பெயர், கட்டியது இந்தப் பகுதியை ஆண்ட முத்தரையர் என்ற குறுநில மன்னர்கள், 9ஆம் நூற்றாண்டு. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. வெளியே சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், இதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எதிரே சமணர் குடகு என்ற குடைவரை, பெயர் சமணர், உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு திருமால் சிலைகள். அதே இடம் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சித்தன்னவாசலை விட்டுவிடாதீர்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் ஓவியத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். விதானத்தில் தாமரைக் குளம், அதில் மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய அழிந்துவிட்டது, அதனால் கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு மெதுவாகப் பார்க்க வேண்டும். ஏழடிப்பட்டம், அதாவது சமணத் துறவிகள் தங்கிய குகை, அதே குன்றில் தனி ஏற்றம், உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கினால் வழுவழுவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், அதில் பழையதில் தமிழ்ப் பிராமி எழுத்து. அப்பாவுக்கு அது வேண்டாம்.

பதில்: கண்மாய்க்கரை

அப்பா விவசாயி என்கிறீர்கள், அப்புறம் ஏன் பாறைக்குப் பாறை அழைத்துப் போகிறீர்கள்? இந்த மாவட்டத்தின் நிஜமான பழம்பொருள் கண்மாய்தான். ஒரு பழைய கண்மாய்க் கரையில் காரை நிறுத்தி உட்கார வையுங்கள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கற்தூண் நட்டுக்கொண்டு நிற்கும், நடுவே குறுக்குக் கல். அதுதான் குமிழித் தூம்பு. அடியில் கல் தொட்டி, மேலே ஒரு துளையும் கீழே சின்னத் துளைகளும் இருக்கும். மேலேயுள்ளது நீரோடித் துளை, அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள வாய்க்கால் வழியாக வயலுக்கு ஓடும். கீழேயுள்ளது சேறோடித் துளை, வண்டல் அதன் வழியாக வெளியேறி வயலுக்கு உரமாகப் போகும். தூர் சேராமலும் இருக்கும், வயலுக்கும் ஆச்சு. யார் செய்து கொடுத்தார் என்று தூணிலேயே வெட்டி வைத்திருப்பதும் நிறைய உண்டு. ஜனவரியில் கண்மாயில் தண்ணீர் இருந்தால் தூணின் தலைதான் தெரியும், முழுசாகப் பார்க்க சித்திரை வைகாசியில் வந்து உள்ளே நடந்தே போகலாம். பாறைக்கு மார்கழி தை, தூம்புக்குக் கோடை, இரண்டும் ஒரே பயணத்தில் அமையாது.

ஊர்ப் பெரியவர் யாரையாவது கரையில் பிடித்து, மடை திறப்பது யார் முறை என்று அப்பாவைக் கேட்க விடுங்கள், அப்புறம் நீங்கள் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்.

பதில்: அரைக்காசு

மேலே சொன்னவர்கள் அருங்காட்சியகத்தை மறந்தே போனார்கள். திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, 1910இல் சமஸ்தான காலத்தில் தொடங்கியது, படியேறும் வேலையில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஏனென்றால் பாடம் செய்த விலங்குகளும் ஆயுதங்களும் இருக்கின்றன. பெரியவர்களுக்குச் செப்புத் திருமேனிகள், சமணத் தீர்த்தங்கரர் சிலைகள். எனக்கு மட்டும் அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் கோயில் அம்மன் பிருகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்த சின்னச் செப்புக் காசு. தொலைந்த பொருள் கிடைக்க வேண்டிக்கொண்டு வெல்லம் வைக்கும் அரைக்காசு அம்மனும் இவள்தான், கோயில் பக்கத்திலேயே. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பொங்கல் வாரத்தில் எந்த நாள் திறப்பு என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காலத்தால் பழையதை முதலில் வெயிலில் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்தை மதியத்துக்கு வைப்பது நல்லது. சிலர் நேர்மாறாகச் சொல்வார்கள், எனக்கு ஒப்பவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல் வெளியே எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள்.

கேட்டவர்: வெள்ளாற்றங்கரை

அருமை, எல்லாருக்கும் நன்றி. தூம்பு சொன்னதும் அப்பா "அது எனக்குத் தெரியாதா" என்றார், ஆனால் சட்டையை எடுத்து வைத்துவிட்டார். குடுமியான்மலை, ஆவுடையார்கோயில் இரண்டில் எதைச் சேர்ப்பது?

பதில்: மேலமலை

குடுமியான்மலை. சித்தன்னவாசலிலிருந்து அன்னவாசல் வழியாகப் போய்விடலாம், பெரிய கோயில் மண்டபத்துச் சிலைகளைப் படி ஏறாமலே அப்பா பார்ப்பார், பின்னால் குடைவரை ஓரம் பாறையில் வரிவரியாக இசைக் கல்வெட்டு, 7, 8ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து. அங்கேதான் வேளாண் கல்லூரியும் அரசுப் பண்ணையும் இருக்கின்றன, அப்பாவுக்குப் பேச்சுக்குத் துணை கிடைக்கும். ஆவுடையார்கோயில் அறந்தாங்கி தாண்டிப் போக வேண்டும், அங்கே கல்லிலேயே செதுக்கிய கொடுங்கையை (கூரையின் வளைந்த விளிம்பை) பார்க்கவே அரை நாள் வேண்டும், அவசரமாகப் போய்த் திரும்பினால் வீண். அதைத் தனியாக வேறொரு நாளைக்கு வையுங்கள்.