எண்ணெயில் இருப்பது இம்மியா, சுவடா?

நெல்லையிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் செய்முறைக் கையேட்டைத் தமிழிலும் கொண்டுவருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன்: ‘ட்ரேஸ் மெட்டல்’.

சமையல் எண்ணெயிலும் கச்சா எண்ணெயிலும் மிகச் சிறிதளவே இருக்கும் உலோகங்களை அளப்பதுதான் பாடம். சுத்திகரித்த சமையல் எண்ணெயில் கிலோவுக்கு இரும்பு 1.5 மில்லிகிராமையும் செம்பு 0.1 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரவிதி. தாண்டினால் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். முதலில் ‘நுண்ணுலோகம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, “நானோ துகளா மேடம்?” என்று கேட்டாள். அதோடு அதை அடித்துவிட்டேன். உதவுங்கள்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சொல் நம் வாயிலேயே இருக்கிறது. ‘இம்மியளவும் குறையக் கூடாது’ என்கிறோமே, அந்த இம்மி வெறும் பேச்சுவழக்கு அல்ல. பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் முந்திரி 1/320. அதில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. பத்தரை இம்மி சேர்ந்தது ஒரு கீழ்முந்திரி. அப்படியானால் இம்மி 1/10,75,200. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! ‘இம்மியுலோகம்’ என்று போடுங்கள். உடம்படுமெய் யகரம், இலக்கணம் சுத்தம். பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் ‘பிபிஎம்’ என்பதற்கும் இம்மி என்றே எழுதலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

சென்னையிலிருந்து, சுத்திகரிப்பு ஆலையில் பணியாற்றிய பொறியாளர்:

ஐயா, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கச்சா எண்ணெய் அந்தக் கணக்குக்குள் அடங்காது. வெனிசுவேலாவின் போஸ்கான் கச்சா எண்ணெயில் வனேடியம் என்ற உலோகம் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். ஆயிரம் இம்மி இருப்பதை இம்மி என்று எப்படிச் சொல்வது? வேறொரு பக்கம், செம்புக்கான வரம்பு இம்மியில் பத்தில் ஒன்று.

என் வாக்கு ‘சுவட்டு உலோகம்’. காரணம் அளவு அல்ல. 1934இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரெய்ப்ஸ், கச்சா எண்ணெயில் வனேடியம் ஒரு போர்ஃபிரின் வளையத்துக்குள் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். இலைப் பச்சையத்தின் அதே வகை வளையம்; நடுவில் மக்னீசியம் இருந்த இடத்தில் வனேடியம். எண்ணெய் உயிரிகளிலிருந்து வந்தது என்பதற்கு அது பெரிய சான்று. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய பச்சையம் விட்டுப்போன சுவடு அது. கடலில் கொட்டிய எண்ணெய் எந்த எண்ணெய் வயலைச் சேர்ந்தது என்று தேடும்போதும் வனேடியம்–நிக்கல் விகிதத்தைப் பார்ப்பார்கள். சுவடு பார்த்துப் போவதுதானே அது?

சமையல் எண்ணெய்க்கும் இது பொருந்தும். வனஸ்பதியில் இருக்கும் நிக்கல், எண்ணெயைக் கெட்டியாக்கும் ஹைட்ரஜனேற்றத்தில் போட்ட வினையூக்கியின் சுவடு. நம் சட்டத்தில் அதற்கு வரம்பு கிலோவுக்கு 1.5 மில்லிகிராம். பித்தளைத் தூக்கில் வைத்த எண்ணெய் காறினால், அது தூக்கு விட்ட செம்பின் சுவடு. அதனால்தான் எங்கள் ஆச்சி எண்ணெயைப் பீங்கான் பரணியில்தான் வைப்பார்.

கோவையிலிருந்து, தனித்தமிழ் அன்பர்:

முன்பாதிக்கு இவ்வளவு கவலைப்படுகிறோம், பின்பாதியில் ‘உலோகம்’ வடசொல்லாகவே நிற்கிறதே? மாழை என்று ஒரு சொல் உண்டு. அது பிடிக்காவிட்டால் பொன் இருக்கிறது. ஐம்பொன் என்கிறோம். இரும்பு கரும்பொன், செம்பு செம்பொன், வெள்ளி வெண்பொன். பொன் என்பது ஒரு காலத்தில் எல்லா உலோகத்துக்கும் பொது. ‘சுவட்டுப்பொன்’, ‘இம்மிப்பொன்’ இரண்டும் காதுக்கு இனிமை.

நெல்லை ஆசிரியை:

ஐயா, ‘கடலை எண்ணெயில் இம்மிப்பொன் உள்ளது’ என்று சோதனை அறிக்கை போனால் செக்குக்காரர் தங்கம் என்றே படிப்பார். மாழை என்று அகராதியில் பார்த்தால் இளமை, அழகு, மாமரம் எல்லாம் வருகின்றன. பத்தாம் வகுப்பு வரை உலோகம் என்று படித்த பிள்ளையிடம் இதை நான் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கட பாடநூல்களில் தனிமத்தை மூலகம் என்போம். ஆனால் சுவடு எங்களுக்கும் விளங்கும். அதற்கு என் ஆதரவு.

அப்புறம், எண்ணெய் என்ற சொல்லையே யாரும் தொடவில்லையே! எள் + நெய் = எண்ணெய். அது எள்ளுக்கு மட்டும் உரியது. பிறகு தேங்காய் எண்ணெய் வந்தது, வேப்பெண்ணெய் வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. மண்ணுக்குள் ஏது எள்ளு? கடைசியில் எள்ளு எண்ணெய்க்கே ‘நல்லெண்ணெய்’ என்று புதுப்பெயர் வேண்டியதாயிற்று. பெட்ரோலியம் என்றால் லத்தீனில் பாறை நெய். நியாயப்படி ‘கல்நெய்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மதுரைத் தமிழாசிரியர்:

நல்ல புணர்ச்சி விளக்கம், மகிழ்ச்சி. ஆனால் இது என் பக்கம்தான் பேசுகிறது. எள்ளை விட்டு எண்ணெய் எல்லாவற்றுக்கும் பரவலாம் என்றால், இம்மியும் தன் பின்னத்தை விட்டுப் பரவலாமே? பொறியாளர் தம்பி சொல்லும் ஆயிரம் இம்மியும் நூற்றில் ஒன்றை எட்டவில்லை. மேலும் சுவடு என்றால் போனபின் எஞ்சுவது. வனேடியம் போகவில்லை, அங்கேயே இருக்கிறது.

விருதுநகரிலிருந்து, எண்ணெய் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் ‘ட்ரேஸ்’ என்றுதான் சொல்கிறோம். பழைய வேதியியலாளர்கள், இருப்பது தெரிகிறது, எடை போட முடியவில்லை என்றால் ‘ட்ரேஸ்’ என்று எழுதிவைத்தார்கள். இன்று கிராஃபைட்டு உலை என்ற கருவியில் அதையும் அளந்துவிடுகிறோம். ஆகவே எந்தச் சொல் வந்தாலும் முழுப் பொருத்தம் வராது.

எனக்கு அதைவிட முக்கியம் வேறு சொல். எண்ணெயை எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைப்பதற்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘நீற்றல்’ என்று போடுங்கள். சித்த மருந்தில் நீற்றுவது என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதோடு ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். சூடு கூடினால் ஈயமும் காட்மியமும் ஆவியாகிவிடும். கச்சா எண்ணெயில் வனேடியமும் நிக்கலும்கூட போர்ஃபிரினாகவே பறந்துபோகும். அதனால் முதலில் கந்தக அமிலம் விட்டுச் சிதைத்து, பிறகு நீற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் இல்லாத உலோகத்தைத்தான் அளப்பார்கள்.

நெல்லை ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. நீற்றல் உடனே ஏறிவிட்டது, எச்சரிக்கையும் கட்டம் கட்டி வருகிறது. எண்ணிப் பார்த்ததில் சுவடுக்கு இரண்டு பேர், இம்மிக்கு ஒருவர், பொன்னுக்கு ஒருவர். ‘சுவட்டு உலோகம்’ என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ட்ரேஸ் மெட்டல் போடுகிறேன். இம்மிக் கணக்கை முன்னுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்கிறேன் ஐயா, உங்கள் அனுமதி இருந்தால்.

மதுரைத் தமிழாசிரியர்:

அனுமதி உண்டு அம்மா. உடன்பாடு இல்லை. அடுத்த பதிப்பு எப்போது?