பினாங்கில் மேயர் யார்?

2023இல் ராஜேந்திரன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் டத்தோ பண்டாராக, அதாவது மேயராக, வந்தபோது, லெபோ பாசார் பக்கம் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். "ராமநாதனுக்கு அப்புறம் இப்போதான் நம்ம ஆள்" என்று பெரியவர்கள் பூரித்துப் போனார்கள். எனக்கும் மனம் நிறைந்தது. ஆனால் இருவரும் அந்த நாற்காலிக்கு வந்த வழி வேறு வேறு. அதை அன்று யாரும் பேசவில்லை.

1957 ஜனவரி 1ஆம் தேதி பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மாநகர் ஆனது. அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். தொழிற்கட்சிக்காரர், மக்களிடம் வாக்குக் கேட்டு மன்றத்துக்கு வந்தவர். அவர் பெயரில் இங்கே ஒரு சாலையே இருக்கிறது. ராஜேந்திரனோ மன்றப் பணியிலிருந்து மேலே வந்த பொறியாளர். மாநில அரசு அவரை நியமித்தது. நடுவில் என்ன ஆயிற்று? மலேசியாவுக்கு இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தலை, அதாவது நகர, மாநகர் மன்றங்களுக்கான தேர்தலை, நிறுத்தி வைத்தார்கள். 1976 ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. 2012இல் பினாங்கு அரசு தனிச் சட்டம் போட்டுத் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை.

போன வருடம் மதுரையிலிருந்து வந்த சித்தப்பா மகன், "உங்க மேயர் எந்தக் கட்சிண்ணே?" என்று கேட்டான். கட்சியே இல்லை என்றதும் திகைத்துப் போனான். அவன் ஊரில் கவுன்சிலர்கள் வாக்குப் பெற்று வந்து மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகத்தை ஆணையர் பார்த்துக்கொள்கிறார். இங்கே டத்தோ பண்டார் மன்றக் கூட்டத்துக்கும் தலைவர், நிர்வாகத்துக்கும் தலைவர். அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆணையரையே மேயர் நாற்காலியில் உட்கார வைத்தது போல.

எங்கள் பிளாட்டில் பொங்கலுக்குத் திடல் கேட்டுக் கடிதம் எழுதியபோதும் இதே குழப்பம் வந்தது. செயலாளர் தம்பி 'வைபி டத்தோ பண்டார்' என்று தொடங்கியிருந்தார். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாடிவீட்டு அக்கா பொறுமையாகத் திருத்தினார். வைபி, அதாவது மாண்புமிகு, என்பது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு. டத்தோ பண்டார் என்பது பதவி. டத்தோ பட்டம் வேறு, அது ஆளுக்குத் தருவது. அப்புறம் அவரே, "நகல் ஒன்றை மன்ற உறுப்பினருக்கும் போடு" என்றார்.

அந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நம் மக்கள் பலர் எதற்கெடுத்தாலும் நேரே மேயரைப் பார்க்க நினைக்கிறார்கள், இல்லையென்றால் வைபி அலுவலகத்துக்குப் போகிறார்கள். தீவு மன்றத்தில் 24 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நியமனம்தான். இருந்தாலும் தெருவிளக்கு, திடல், அங்காடி லைசென்ஸ் போன்றவற்றைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியவர்கள் அவர்களே. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து இங்கே குடிவந்த நண்பருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது. கோலாலம்பூரில் டத்தோ பண்டார் உண்டு, மன்ற உறுப்பினர்கள் கிடையாது. அங்கே எதுவென்றாலும் நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் தேடிப் போகவேண்டும்.

என் அப்பா இளவயதில் மாநகர் மன்றத்துக்கு வாக்களித்தவர். வேட்பாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றதை இன்றும் சொல்வார். எனக்கு அந்த வாக்கு இதுவரை கிடைத்ததில்லை. ராஜேந்திரன் மாதிரி திறமையானவர்கள் நியமனத்திலும் வரலாம், மறுக்கவில்லை. ஆனாலும் என் தெருவுக்கு யார் பொறுப்பு என்பதை நானும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.