மூடி உடையாத பாட்டில் என்பதற்காக மட்டும் என்ஜின் ஆயிலை நம்பலாமா?

தாம்வே ஓட்டுநர்:

அனைவருக்கும் வணக்கம். யாங்கோனில் புரோபாக்ஸ் டாக்ஸி ஓட்டுகிறேன். மின்வெட்டுக்காக வீட்டில் ஒரு சிறிய ஜெனரேட்டரும் உண்டு. இரண்டுக்கும் வழக்கமாக வாங்கும் 10டபிள்யூ-30 ஆயில் இப்போது ஒரே தெருவில் இரண்டு விலைக்கு விற்கிறது. ஒரு கடையில் பர்மிய மொழி லேபிள் ஒட்டியிருக்கிறது. எதிர்க்கடையில் தாய் எழுத்து மட்டுமே உள்ள பாட்டில், விலையும் கால்வாசி குறைவு. இரண்டிலும் மூடி உடையவில்லை. உள்ளே வெள்ளித்தாள் சீலும் இருக்கிறது. பர்மிய லேபிள் இல்லாததைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் விவரம் பர்மிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. அதை மதிக்காமல் வரும் சரக்கில் கோளாறு என்றால் யாரைப் போய்க் கேட்பது? மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பெகு உதிரிபாகக் கடை:

தம்பி, சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. லேபிள் இருந்தால் தரமும் இருக்கும் என்று முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாய்லாந்து எல்லையில் நம் பக்கத்து ஊரான மியாவடி வழியாக வரும் சரக்கு மலிவாக இருக்கப் போலி என்பது ஒன்றே காரணமாகிவிடாது. 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று மத்திய வங்கி நிர்ணயித்த பிறகு வெளிச்சந்தை விலை எங்கேயோ போய்விட்டது. முறையாக இறக்குமதி செய்பவர் உரிமத்துக்கும் டாலருக்கும் காத்துக் கிடக்கிறார். அந்தக் காத்திருப்பும் வரியும் பாட்டில் விலையில் ஏறுகின்றன. எல்லையில் தாய்லாந்துப் பணத்தைக் கொடுத்துச் சரக்கெடுப்பவருக்கு இந்தச் சுமை கிடையாது. அவர் கொண்டுவருவது எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் மேசோட்டில் கடைத்தட்டில் இருந்த அதே ஆயிலாக இருக்கலாம். பர்மிய எழுத்தில் ஸ்டிக்கர் அடிக்கவோ எந்த அச்சகத்திலும் ஒரு நாள் போதும்.

ஆகவே பாட்டிலைப் பார்ப்பதைவிட விற்பவரைப் பாருங்கள். அட்டைப்பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கிறாரா, ரசீது எழுதிக் கொடுக்கிறாரா, பாட்டிலில் அச்சிட்ட தொகுதி எண்ணை அந்த ரசீதில் குறிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் குறிக்கிறாரா என்று கவனியுங்கள். நாளைக்கும் அதே இடத்தில் கடை திறக்க வேண்டியவர், தெரிந்தே கெட்ட சரக்கை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்.

மோல்மேன் பட்டறை:

பெகு அண்ணன் சொன்னதில் “தெரிந்தே” என்ற சொல்லைத் திரும்பப் படியுங்கள். தெரியாமல் கொடுப்பதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிறது. கடைக்காரர் நல்லவராக இருப்பதால் அவருக்குச் சரக்குப் போடும் ஆளும் நல்லவராகிவிட மாட்டார்.

எங்கள் ஊரில் ஓடுவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். பட்டறையில் தினமும் காலி பாட்டில்கள் சேரும். அவற்றை வாங்க வருகிறவர் மற்ற பிளாஸ்டிக்கை எடைபோட்டு எடுக்கிறார். பெயர்பெற்ற ஆயில் பாட்டிலை மட்டும் தனியே எண்ணி எடுக்கிறார். மூடி இருந்தால் விலை கூடும். லேபிள் கசங்காமல், ஆயில் கறை படாமல் இருந்தால் இன்னும் கூடும். உருக்கி வாளி செய்யப்போகிற பிளாஸ்டிக்குக்கு லேபிள் எதற்கு? அந்தப் பாட்டில் மறுபடி நிரம்பி வரும்போது பாட்டிலும் அசல், லேபிளும் அசல், தொகுதி எண்ணும் அசல்தான். அண்ணன் அதை ரசீதில் பத்திரமாகக் குறித்தும் கொடுப்பார். வெள்ளித்தாளை ஒட்டும் கைக்கருவியும் சந்தையில் கிடைக்கிற ஒன்றுதான்.

நான் செய்வது வேறு. விலை உயர்ந்த ஆயிலைத்தான் போலி செய்வார்கள் என்பதால் அதை வாங்குவதே இல்லை. நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து, விரலில் தேய்த்து, மணம் பார்த்து, திருப்தியானால் ஊற்றி, சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுகிறேன். அடிக்கடி மாற்றினால் எந்த ஆயிலும் என்ஜினைக் கெடுக்காது.

ஆய்வகப் பணியாளர்:

நான் யாங்கோனில் பிறந்தவன். இப்போது சிங்கப்பூரில் மசகு எண்ணெய் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். மோல்மேன் அண்ணன் காலி பாட்டிலைப் பற்றி எழுதியதை அப்படியே ஏற்கிறேன். விரல் சோதனையையும் “எந்த ஆயிலும் கெடுக்காது” என்பதையும் மறுக்காமல் விட முடியவில்லை.

என்ஜின் ஆயிலில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய்தான். மீதியுள்ள சிறுபங்கு சேர்க்கைப் பொருள்கள்: கரியைப் படியவிடாமல் மிதக்க வைப்பது, அமிலத்தை முறிப்பது, சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் காப்பது, இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குவது. விலை அதிகம் இந்தச் சிறுபங்குக்குத்தான். போலி செய்பவர் கைவைப்பதும் இதில்தான். இப்போது விரலுக்கு வருவோம். ஆயிலின் பாகுநிலையை வகுக்கும் எஸ்.ஏ.இ. அட்டவணையில் 30 என்ற எண் 100 டிகிரி வெப்பத்தில் 9.3 முதல் 12.5 வரையான பாகுத்தன்மையைக் குறிக்கிறது. 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அளவு எல்லாம் சென்டிஸ்டோக்ஸ் என்ற பாகுத்தன்மை அலகில். நம் ஊர் வெயிலில் விரல் உணர்வது 30, 35 டிகிரியில் ஆயில் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே. 500 எஸ்.என். என்ற சாதாரண அடிப்படை எண்ணெய், சேர்க்கை எதுவும் இல்லாமலேயே 100 டிகிரியில் 10, 11 என்று நிற்கும். கையில் தேய்த்தால் கொழகொழவென்று நன்றாகவே இருக்கும். பழைய ஆயிலைக் கந்தக அமிலமும் களிமண்ணும் இட்டுத் தெளியவைத்துச் சாயம் சேர்த்தாலும் நிறம் ஏமாற்றிவிடும்.

ஆயில் மோசமானாலும் வண்டி அன்றைக்கே நிற்காததற்கும் காரணம் உண்டு. கிராங்க் தண்டு வேகமாகச் சுழலும்போது எந்த எண்ணெயும் அதைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டில் துருத்தி நிற்கும் மூக்குப் பகுதி அப்படியல்ல. அழுத்தம் அங்கே மிக அதிகம், எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். அந்த நேரத்தில் உலோகத்தைக் காப்பது துத்தநாகச் சேர்க்கைதான். அது இல்லாத எண்ணெயைப் பாதி தூரத்தில் மாற்றினாலும், மாற்றி ஊற்றுவது இன்னொரு காப்பில்லாத எண்ணெயே. சேர்க்கைப் பொருள் இல்லாத ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. வைத்திருக்கும் வகைப்பெயர் எஸ்.ஏ.; 1930க்குப் பிந்தைய பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது என்று அந்தக் கழகமே எழுதி வைத்திருக்கிறது.

மோல்மேன் பட்டறை:

தம்பி, விளக்கத்துக்கு நன்றி. கேம் மூக்கில் தேய்மானம் வரும் என்பதை நானும் கண்ணால் பார்க்கிறவன்தான். என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினால், நல்ல ஆயிலில் ஓடிய வண்டியில் உலோகம் வெளிர் தேன்நிறத்தில் இருக்கும். கெட்டதில் ஓடியதில் மூலைகளில் கறுத்த களிம்பு அப்பியிருக்கும், கேம் மேட்டில் நகம் பட்டால் வரி தட்டும். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மோல்மேனில் உட்கார்ந்துகொண்டு துத்தநாகத்தை எதைக் கொண்டு அளப்பது? இருக்கும் நான்கு பாட்டிலில் எதை ஊற்றுவது என்று நான் இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடவைக்கு 0.8 லிட்டர்தான் செல்லும். அதைச் சீக்கிரம் மாற்றினால் கரியும் அமிலமும் வெளியேறும் என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

பெகு உதிரிபாகக் கடை:

மறுக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்காக எல்லாக் கடையையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். என் கடைக்கு வரும் ஆயிலுக்கு ஏ.பி.ஐ. வட்டமுத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தக் கழகத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பெயரையும் தரத்தையும் தேடிப் பார்த்த பிறகுதான் தட்டில் வைக்கிறேன். பெட்ரோல் என்ஜின் ஆயிலுக்கு ஏ.பி.ஐ. வகுத்த எஸ்.பி. தரம் 2020 மே மாதத்தில் வந்தது. அதற்கு முன் தயாரித்ததாகத் தேதி போட்டிருக்கும் பாட்டிலில் எஸ்.பி. என்று இருந்தால் நான் எடுக்கவே மாட்டேன். இதையெல்லாம் செய்கிற கடைக்காரருக்கும் தெருவோரத்தில் பாய் விரித்து விற்கிறவருக்கும் வேறுபாடு இல்லையா?

ஆய்வகப் பணியாளர்:

வேறுபாடு நிச்சயமாக உண்டு ஐயா. ஏ.பி.ஐ. பெயரைப் போலியாக அச்சிட்டுத் தாமே ஒரு பிராண்டு கண்டுபிடிக்கிறவர்களை நீங்கள் சொல்லும் சோதனை வடிகட்டிவிடும். மோல்மேன் அண்ணன் சொன்ன மறுநிரப்பலை அது வடிகட்டாது. அந்தப் பட்டியல் இன்ன பெயருள்ள ஆயிலுக்கு உரிமம் உண்டு என்று சொல்லுமே தவிர, உங்கள் கையிலுள்ள பாட்டிலுக்குள் இருப்பது அதுதானா என்று சொல்லாது. இதனால்தான் ஏ.பி.ஐ. தானே கடைகளில் பாட்டில்களை வாங்கிச் சோதிக்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் இன்னொன்றையும் பாருங்கள். அதில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுவதால் ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி வேண்டும். பதிவான ஆயில்களில் அந்தக் குறி ஒரு கட்டத்துக்குள் பதிவு எண்ணோடு வரும், வெறும் எழுத்தாக மட்டும் வராது. காருக்கான எரிபொருள் சேமிப்பு ஆயிலைப் போட்டால், அது அசலாகவே இருந்தாலும் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. அதைப் போலி ஆயில் என்று தவறாக நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தாம்வே ஓட்டுநர்:

இவ்வளவு படித்த பிறகும் பர்மிய லேபிள் வேண்டும் என்றே சொல்கிறேன். அது தரத்துக்குச் சான்று அல்ல என்று பெகு ஐயா காட்டிவிட்டார். நான் கேட்பது பொறுப்பேற்க ஒரு முகவரி. லேபிளில் இறக்குமதியாளர் பெயர் இருந்தால் பாட்டிலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. 2019இல் இயற்றிய வணிகக்குறிச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், தன் பிராண்டுக்காக வழக்குப் போடும் வழியும் அசல் நிறுவனத்துக்குத் திறந்திருக்கிறது. தாய் எழுத்துப் பாட்டிலை வாங்கியவன் மேசோட் வரை போய் யாரைக் கேட்பான்?

ஜெனரேட்டரை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. என்னுடையதில் 0.6 லிட்டர் ஆயில்தான், வடிகட்டி கிடையாது, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. மின்சாரம் நின்று நின்று வரும் இந்த நாட்களில் அந்த 100 மணி நேரம் விரைவிலேயே ஓடிவிடுகிறது. காரில் அழுத்த விளக்காவது எரிந்து எச்சரிக்கும். இதில் அழுத்தம் காட்டும் விளக்கு கூட இல்லை.

மோல்மேன் பட்டறை:

தம்பி, அப்படியானால் ஜெனரேட்டருக்குத் தனியாக வாங்க வேண்டாம். டாக்ஸிக்கு நான்கு லிட்டர் டப்பாவாக, நம்பிக்கையான ஒரே இடத்தில் எடுங்கள். கையேடு சொல்லும் பாகுநிலை அதுவே என்றால் மீதியை ஜெனரேட்டருக்கு வைத்துக்கொள்ளலாம். சிறு பாட்டிலைவிடப் பெரிய டப்பாவில் ஏமாற்று குறைவாகக் கண்டிருக்கிறேன்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆயில் மாற்றியதும் காலி பாட்டிலை வாடிக்கையாளர் முன்னாலேயே இரண்டாக அறுத்துப் போடுங்கள். என் பட்டறையில் இப்போது ஹேக்ஸா பிளேடு அதற்கென்றே தொங்குகிறது. எல்லாப் பட்டறையும் அறுத்தால், நிரப்புகிறவனுக்குப் பாட்டில் எங்கிருந்து கிடைக்கும்?

பெகு உதிரிபாகக் கடை:

அறுப்பதற்கு எனக்கும் மனம்தான். ஆனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அந்தக் காலி பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த்தான் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் பிடிக்கிறார்கள். உறுதியான பாட்டில், மூடி இறுக்கமாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் கண்முன் அதை அறுத்தால் சண்டைதான் வரும். நான் லேபிளை மட்டும் கிழித்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மோல்மேன் பட்டறை:

லேபிள் கிழித்தால் புது லேபிள் ஒட்டுவார்கள், அண்ணே. சூட்டுக்கோலைக் காய்ச்சிப் பாட்டிலில் பொறித்திருக்கும் பிராண்டு எழுத்தின் மேல், ஓட்டை விழாத அளவுக்கு ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுங்கள். சொட்டு ஆயில் இல்லாமல் துடைத்து, வெளியில் காற்றோட்டத்தில் வைத்து, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். எழுத்து உருகிய பாட்டிலை எந்தக் கடைத்தட்டிலும் வைக்க முடியாது; பெட்ரோல் பிடிக்க அது போதும்.