குரூஸ் கப்பலில் குடும்பக் கேபின்: தங்கியவர்கள் சொல்லுங்கள்

பலரும் கேட்பதால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர், என் மாமியார். தேடும்போது ஐந்து பேர் என்று போட்ட உடனே பெரும்பாலான கேபின்கள் மறைந்துவிடும், ஏனென்றால் சாதாரண அறை இரண்டு பேருக்கென்று கட்டியது, கட்டணமும் இரண்டு பேர் கணக்குதான், மூன்றாவது நான்காவது ஆளை அதற்குள்தான் நுழைக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் துறைமுக வரியும் பணியாளர்களுக்கான டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும், அதனால் "மூன்றாவது ஆள் இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போடாதீர்கள்.

"குடும்பக் கேபின்" என்ற பெயருக்கு ஒரு வரையறையும் கிடையாது. ஒரு கப்பலில் அது நான்கு பேரை அடைக்கும் ஒரே அறை. இன்னொன்றில் நடுவே கதவு வைத்த இரண்டு அறைகள். எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் சில கப்பல்களில் இரண்டு மூன்று அறைகளை இப்படிச் சேர்த்து 'சூப்பர் ஃபேமிலி' என்று விற்கிறது. 2024-இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலிலோ மூன்று தளம் கொண்ட வீடே இருக்கிறது, உள்ளே சறுக்குமரத்தோடு. அது நமக்கில்லை, விடுங்கள்.

பெயரை விட்டுவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: யார் யார் எதில் படுப்பார்கள், அந்தப் படுக்கை எங்கிருந்து வருகிறது? சோபாவை விரித்துப் படுக்கையாக்கினால் தரையில் கால் வைக்க இடம் இருக்காது, பால்கனிக் கதவுக்குப் போக அதன்மேல் ஏறித்தான் தாண்ட வேண்டியிருக்கும். கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கும் மேல்படுக்கை சில அறைகளில் பெற்றோர் கட்டிலுக்கு நேர் மேலேயே வரும், நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தால் தலையில் இடிக்கும். ஒரே விலை, ஒரே வகை, பக்கத்துப் பக்கத்து அறை. ஆனால் ஒன்றில் கட்டில் பால்கனி ஓரம், அடுத்ததில் கட்டில் குளியலறை ஓரம் என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். கட்டில் பால்கனி ஓரம் இருந்தால் பிள்ளைகள் சோபாவில் தூங்கும்போது நீங்கள் அவர்களைத் தாண்டாமலே வெளியே போய் உட்காரலாம்.

பால்கனி வேண்டும் என்று நான் சொல்வது கடல் பார்க்க இல்லை. எட்டு மணிக்குப் பிள்ளைகள் தூங்கிவிட்டால் அந்த 150, 200 சதுர அடி அறையில் விளக்கைப் போட முடியாது, டிவி போட முடியாது, பேசக்கூட முடியாது. பால்கனிதான் பெரியவர்களுக்கு ஹால்.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

———

அக்கா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதிக்கு மாற்றுக் கருத்து. நால்வருக்கு ஒரே பால்கனி அறை எடுக்கும் காசில், நடைவழிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக எதிரெதிரே இரண்டு உள்ளறைகள், அதாவது ஜன்னல் இல்லாத அறைகள், கிடைக்கிறதா என்று பாருங்கள், பல பயணங்களில் கிடைக்கும். அல்லது பெரியவர்களுக்குப் பால்கனி, எதிரே பிள்ளைகளுக்கு உள்ளறை. இரண்டு குளியலறை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை! துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கு இறங்க வேண்டிய நாளில், ஒரு ஆள் நின்றாலே திரை உடம்பில் ஒட்டுகிற அந்தக் குட்டி ஷவருக்கு நான்கு பேர் வரிசையில் நின்று பார்த்தால் தெரியும். டிஸ்னி கப்பல்களில் நிறைய அறைகளில் கழிவறை தனி, குளியல் தனி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், அதுவும் ஒன்றில் தொட்டியோடு. அங்கே மட்டும் ஒரே அறையில் நாங்கள் சண்டையில்லாமல் சமாளித்தோம்.

உள்ளறையை ஏளனமாகப் பார்க்காதீர்கள். குகை மாதிரி இருட்டு, பிள்ளைகள் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள். ஆனால் காலை எது, இரவு எது என்றே தெரியாது. கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடுகிற டிவி சேனல் பல கப்பல்களில் உண்டு, சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டு விட்டால் இரவு விளக்காகவும் ஆயிற்று, விடிந்ததும் அறையில் வெளிச்சமும் வரும். 2011-இல் வந்த டிஸ்னி ட்ரீமில் உள்ளறைச் சுவரிலேயே வட்ட ஜன்னல் மாதிரி ஒரு திரை வைத்து வெளியே தெரிகிற கடலை அப்படியே ஓடவிட்டார்கள். என் பெண் அதை நிஜ ஜன்னல் என்றே கடைசிவரை நம்பினாள், நாங்களும் சொல்லவில்லை.

———

இரண்டு அறை எடுத்தால் வயது விதி ஒன்று இருக்கிறதே? அறைக்கு ஒரு 21 வயது ஆள் வேண்டும் என்றார்கள், நாங்கள் பயந்து ஒரே அறையாகப் போட்டுவிட்டோம்.

———

இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பல கப்பல்களில் அறைக்கு ஒருவராவது 21 முடிந்தவராக இருக்க வேண்டும் என்பார்கள், வேறு இடங்களில் 18 என்றும் உண்டு. பெற்றோரும் பிள்ளைகளும் அடுத்தடுத்த அறையிலோ எதிரறையிலோ இருந்தால் விதியைத் தளர்த்துகிற நிறுவனங்களும் உண்டு, தளர்த்தாத இடத்தில் பதிவில் ஓர் அறைக்கு அப்பா, ஓர் அறைக்கு அம்மா என்று போட்டுவிட்டு ஏறியதும் கவுண்டரில் சொல்லி இரண்டு அறைக்குமான சாவி அட்டைகளை வாங்கிக்கொள்வார்கள். இது ஒளிவுமறைவான வேலை எல்லாம் இல்லை, அவர்களே எல்லோருக்கும் செய்து தருகிறார்கள்.

செய்யவே கூடாதது இன்னொன்று. "கேரண்டி கேபின்" என்று மலிவாக ஒன்று வரும், வகையை மட்டும் நாம் சொல்ல, எண்ணை அவர்கள் பிறகு ஒதுக்குவார்கள். ஓர் அறையில் எல்லோரும் தங்குவதானால் எடுக்கலாம். இரண்டு அறை என்றால் ஒன்று கப்பலின் மூக்கிலும் மற்றது வாலிலும் வந்து விழும்.

டிராவல் ஏஜென்சியில் கொஞ்சகாலம் இருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு படுக்கை உள்ள அறை காலியாகவே இருக்கும், ஆனால் மூன்று பேருக்கு மேல் பதிவு ஏற்காது. வாடிக்கையாளர்கள் ஏதோ ஏமாற்றுகிறோம் என்று கோபப்படுவார்கள். காரணம் லைஃப் போட், அதாவது உயிர்காக்கும் படகு. ஒவ்வொரு அறையும் ஆபத்துக்காலத்தில் போய் நிற்க வேண்டிய ஓர் இடத்தோடு, அதாவது மஸ்டர் ஸ்டேஷனோடு இணைக்கப்பட்டிருக்கும், அந்த இடத்துக்கான லைஃப் போட்டில் தலைக்கணக்கு முடிந்துவிட்டால் அந்தப் பகுதியில் மூன்றாவது நான்காவது படுக்கைகள் மூடிவிடும். பள்ளி விடுமுறைப் பயணங்களில் இது சீக்கிரமே நடக்கும், கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருப்பது இருவருக்குச் சரி, ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒத்துவராது. மறுபுறமும் உண்டு, ஒரு பகுதி நிறைந்தாலும் வேறொரு டெக்கில் இடமிருக்கலாம், ஆகவே ஒரு அறை எண்ணுக்கு 'இல்லை' என்று வந்தால் முழுக்கப்பலுக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

———

சத்தம்! யாருமே இன்னும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லையே.

எங்களுக்குக் கிடைத்தது நீச்சல்குள டெக்குக்கு நேர் கீழே. பெயரைச் சொல்லவில்லை, கப்பல் நல்ல கப்பல்தான். விடிய ஐந்து மணிக்குப் பணியாளர்கள் மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்க ஆரம்பிப்பார்கள், தினமும். அதனால்தான் சொல்கிறேன், டெக் பிளானை, அதாவது கப்பலின் தள வரைபடத்தை, மூன்று தாளாக விரித்துப் பாருங்கள்: உங்கள் அறை இருக்கும் தளம், அதற்கு மேல் தளம், அதற்குக் கீழ்த் தளம். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே குளம், பஃபே, ஜிம், கீழே தியேட்டர், இரவு டான்ஸ் ஹால் இவை எதுவும் கூடாது. டெக் பிளானில் ஒன்றும் எழுதாத வெள்ளைக் கட்டமாக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள், சமையலறையாகவோ சாமான் அறையாகவோ இருக்கும், வண்டிகள் உருளும். முன்கோடியில் கீழ்த்தளம் என்றால் கரை சேரும் அதிகாலையில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் கட்டிலையே நடுங்கவைக்கும், நங்கூரம் போடும் துறைமுகமானால் சங்கிலிச் சத்தம் வேறு.

இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் கனெக்டிங் கதவு விஷயத்திலும் கவனம். இரண்டு அறையும் உங்களுடையதானால் அதைப்போல் வசதி வேறில்லை. ஒன்று மட்டும் உங்களுடையதானால் பக்கத்து அறைக்காரர் தும்மினால் உங்களுக்குக் கேட்கும்.

———

குமட்டல் வருகிறவர்கள் நடுப்பகுதி, கீழ்த்தளம். அவ்வளவுதான், பேசவே வேண்டாம். உயரே போனாலும் முன்கோடிக்கோ பின்கோடிக்கோ போனாலும் ஆட்டம் கூடும். ஆனால் மிகக் கீழே வட்ட ஜன்னல் அறை எடுத்தால் கடல் கொந்தளிக்கும் நாளில் பணியாளர் வந்து ஜன்னல்மேல் இரும்பு மூடியைப் போட்டுவிட்டுப் போவார், என் பையன் அழுதே விட்டான்.

———

கைக்குழந்தையோடு போனவள் என்ற முறையில் கொஞ்சம். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணமென்றால் ஒரு வயது. தொட்டில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், மடக்குகிற வகை. ஆனால் எண்ணிக்கை கம்மி, பதிவு செய்யும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அதைவிட, அதை வைக்க இடம் எங்கே என்று யோசியுங்கள். எங்கள் அறையில் தொட்டிலைப் போட்டால் அலமாரி திறக்காது, அலமாரியைத் திறக்க வேண்டுமானால் தொட்டிலைக் குளியலறை வாசலுக்கு நகர்த்த வேண்டும், வாசலுக்கு நகர்த்தினால் உள்ளே போனவர் வெளியே வர முடியாது. என் கணவர் ஒருநாள் பத்து நிமிஷம் உள்ளேயே நின்றார், குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது.

குளியல் தொட்டியுள்ள அறை கிடைக்காவிட்டால் காற்றடிக்கும் சின்னத் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய் ஷவர் தரையில் வைத்துக் குளிப்பாட்டலாம். டயப்பர் போடும் வயதுக் குழந்தைகளைப் பொதுக்குளத்தில் விடமாட்டார்கள், நீச்சல் டயப்பரானாலும் சரி, சில கப்பல்களில் மட்டும் குழந்தைகளுக்கென்றே தண்ணீர் பீச்சும் தனி இடம் உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் கிட்ஸ் கிளப்பும் பொதுவாக மூன்று வயதும் டாய்லெட் பழக்கமும் கேட்கும். அதாவது மற்றவர்களைவிட நீங்கள் அறையில் அதிக நேரம் இருக்கப்போகிறீர்கள், அதனால் மிச்சம் பிடிப்பதை வேறெங்காவது பிடியுங்கள், அறையில் வேண்டாம்.

அப்புறம் மேல்படுக்கையில் ஆறு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றாதீர்கள், தடுப்புக் கம்பி இருந்தாலும். "நான் மேலே" என்று அடம் பிடிப்பார்கள்தான். பகலில் ஏறி விளையாடட்டும் என்றுகூட விடாதீர்கள், எங்கள் அறையைக் கவனிக்கும் பணியாளரிடம், அதாவது ஸ்டூவர்டிடம், சொல்லி காலையிலேயே மடக்கி ஏற்றிவிடச் சொன்னோம், நடக்கவும் இடம் கிடைத்தது.

———

பால்கனிக்காரர்கள் முதல்நாளே கதவுப் பூட்டைப் பாருங்கள், பெரும்பாலும் சின்னவர்களுக்கு எட்டாத உயரத்தில் மேலே இருக்கும், ஆனால் எல்லாக் கப்பலிலும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் கைப்பிடிக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று 2010 சட்டம் ஒன்று சொல்கிறது. உயரம் போதும், நாற்காலிதான் பிரச்சினை. நாங்கள் நாற்காலிகளை அறைக்குள் எடுத்து வைத்துவிட்டு, உட்காரும்போது மட்டும் வெளியே எடுத்தோம். பக்கத்து அறையும் நம்முடையதானால் நடுத்தடுப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள், சில கப்பல்களில் ஸ்டூவர்டே சாவி கொண்டுவந்து திறப்பார், நீளமான ஒரே பால்கனி.

———

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், என் பங்குக்குச் சில்லறை விஷயங்கள். சுவர் இரும்பு, காந்தக் கொக்கிகள் பத்து எடுத்துப் போங்கள், ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் சுவரில் தொங்கினால் தரை மிஞ்சும். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில். பிளக் பாயிண்ட் கம்மி, அதற்காக சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் எடுத்துப்போகாதீர்கள், கப்பல் மின்சார அமைப்புக்கு அது ஆகாது, தீப்பிடிக்கும் ஆபத்து, ஏறும்போதே பிடுங்கி வைத்துவிடுவார்கள். யுஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும். பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகும், நீச்சல் உடையும் மருந்தும் கையோடு இருக்கட்டும்.

———

எங்கள் பையனுக்குக் கப்பல் கழிவறைச் சத்தம் என்றால் நடுக்கம், காற்றால் உறிஞ்சுகிற வகை என்று கேள்விப்பட்டேன். என்ன செய்வது?

———

மூடியை மூடிவிட்டு, பிள்ளை வெளியே போனபிறகு நீங்கள் அழுத்துங்கள், இரண்டு மூன்று நாளில் அவனே அழுத்தக் கேட்பான். ஆனால் ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே போட விடாதீர்கள். ஒரு அறையில் அடைத்தால் அந்த வரிசையில் இருக்கிற அறைகளுக்கெல்லாம் நின்றுபோகும், எங்கள் வரிசையில் யாரோ போட்டு, ஒரு மாலை முழுக்க ஐந்து தளம் ஏறிப் பொதுக் கழிவறைக்குப் போய்வந்தோம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு.