கரோனி ரம்: இவ்வளவு விலை ஏன்?

கேள்வி (ரவி): பாரிஸில் இருக்கும் மச்சான் 1996-ல் வடித்த கரோனி ரம் பாட்டில் ஒன்றைக் காட்டினார். மூடியைத் திறந்ததும் தார் வாடை, பின்னால் டீசல்! இதற்கா ஆயிரக்கணக்கில் யூரோ?

பதில் (சேகர்): அந்த வாடைதான் சரக்கின் அடையாளமே. கரோனி டிரினிடாடில் இருந்த அரசு சர்க்கரை நிறுவனத்தின் வடிசாலை. அதன் கனமான ரம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குக் கொடுத்த ரம் கலவைக்கும் போனது. கடற்படை 1970 ஜூலை 31-ல் தினசரி ரம் பங்கை நிறுத்தியது. சர்க்கரைத் தொழில் நொடித்து, 2000-களின் தொடக்கத்தில் வடிசாலைக்கும் பூட்டு. 2004-ல் இத்தாலியின் வெலியர் மது இறக்குமதி நிறுவனத்து லூகா கர்கானோ அங்கே போக, கிடங்கில் பழைய பீப்பாய்கள் கிடந்தன. அவைதான் இன்று எண்ணிக்கை குறைந்த பதிப்புகளாக வருகின்றன. இனி புதிதாக வடிக்க ஆளில்லை, அப்புறம் விலை ஏறாதா?

ரவி: அப்போ பீப்பாயில் முதிர்ந்த வயதுக்கு விலை இல்லையா?

சேகர்: அதுவும் உண்டு. லேபிளில் எங்கே முதிர்ந்தது என்று பாருங்கள். டிரினிடாட் வெயிலில் வருடாவருடம் பீப்பாயிலிருந்து நிறைய ஆவியாகிவிடும். ஐரோப்பியக் குளிரில் இழப்பு குறைவு, மரத்தின் சாரம் இறங்குவதும் மெதுவாக. எனக்கு வெயில் சரக்குதான். பல பாட்டில்களில் ஆல்கஹால் அறுபது சதவீதத்துக்கும் மேல், சில சொட்டு தண்ணீர் விடுங்கள். கோக் கலந்தால் மச்சானே அடிப்பார்!

பதில் (மாலதி): ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களில் பலர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகள். ஏலத்தில் ஏறும் விலையில் அவர்களுக்கு என்ன பங்கு?