புதுப்பிப்பு: அப்பாவின் நெற்றிப்பொட்டில் இருந்த சொரசொரப்பு
போன மாதம் கேட்டிருந்தேனே, அம்பாசமுத்திரத்தில் வயலே கதியென்று இருக்கும் 72 வயது அப்பாவுக்கு நெற்றிப்பொட்டில் உதிர்ந்து உதிர்ந்து திரும்ப வரும் சொரசொரப்பு, தேங்காயெண்ணெய்க்கும் மசியவில்லை என்று. தோல் டாக்டரிடம் காட்டியாச்சு. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. பல வருஷ வெயிலால் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ், விட்டால் சிலருக்குப் புற்றாக மாறலாமாம். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைத்தார்கள், கொப்புளம் வந்து காய்ந்துவிட்டது. கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்றவர்களுக்கு: குறைவுதான், வராமல் இல்லை. தலைப்பாகை நெற்றிப்பொட்டையும் காதையும் மறைக்காது என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 கிரீமை வெயிலில் இரண்டு மணிக்கொருதரம் பூசணும். "மூஞ்சில மாவு பூசிட்டு வயலுக்குப் போகச் சொல்லுதியாலே?" என்கிறார் அப்பா. சரி, அகல விளிம்புத் தொப்பிக்கும் பத்து மணிக்குள் கரையேறுவதற்கும் மட்டும் சம்மதித்திருக்கிறார்.