ஜேஎஸ்எஃப் செயலியை போர்ட்லெட்டாக மாற்றியபின் பதிவிறக்கமும் ஃபில்டரும் வேலை செய்யவில்லை

கேள்வி:
வணக்கம். தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஜேஎஸ்எஃப் 1.2 (ஜாவா வலைப்பக்கக் கட்டமைப்பு) செயலி ஒன்றை, ஜேஎஸ்ஆர் 286 தரநிலைப்படி ஓடும் போர்ட்டலுக்குள் (பல சிறு செயலிகளை, அதாவது போர்ட்லெட்டுகளை, ஒரே பக்கத்தில் காட்டும் தளம்) கொண்டுவர வேண்டும். ஜேஎஸ்எஃப் செயலியை போர்ட்லெட்டாக ஓட்டும் ஜேஎஸ்ஆர் 329 பிரிட்ஜ் போட்டு, போர்ட்லெட் எக்ஸ்எம்எல்லில் தொடக்கப் பக்கத்தையும் கொடுத்தாயிற்று. முதல் பக்கம் நன்றாக வருகிறது. பிடிஎஃப் பொத்தானை அழுத்தினால் பீனில் (பக்கத்தின் பின்னால் ஓடும் ஜாவா கிளாஸ்) கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் (வகை மாற்றப் பிழை). உள்நுழைவு சரிபார்க்கும் ஃபில்டர் (கோரிக்கை பக்கத்தை அடையுமுன் ஓடும் நிரல்) ஓடவே இல்லை. ஒரே போர்ட்லெட்டைப் பக்கத்தில் இருமுறை வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் முதல் படிவத்தை மட்டுமே தொடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
பீனிலிருந்து தொடங்குங்கள். ஜேஎஸ்எஃப்பின் எக்ஸ்டர்னல் கான்டெக்ஸ்ட் (கோரிக்கையையும் ரெஸ்பான்ஸையும் எடுத்துத் தரும் ஆப்ஜெக்ட்) இங்கே தருவது போர்ட்லெட் ரெஸ்பான்ஸ். அதை ஹெச்டிடிபி சர்வ்லெட் ரெஸ்பான்ஸாக காஸ்ட் செய்ய முடியாது. காஸ்ட்டை எடுத்துவிட்டாலும் பிடிஎஃப் வராது. பொத்தான் அழுத்தம் ஆக்‌ஷன் கட்டத்தில் (பயனரின் செயலைக் கையாளும் கட்டம்) ஓடுகிறது, ஆக்‌ஷன் ரெஸ்பான்ஸில் எழுதுவதற்கு அவுட்புட் ஸ்ட்ரீமே கிடையாது. ரெண்டர் கட்டத்தில் (பக்கத்தை உருவாக்கும் கட்டம்) எழுதினாலோ பைட்டுகள் போர்ட்டல் பக்கத்தின் நடுவே போய் விழும்.

வழி: பிரிட்ஜின் ஜெனரிக் ஃபேசஸ் போர்ட்லெட் கிளாஸை நீட்டித்து ஒரு கிளாஸ் எழுதி, கோப்பு போன்ற ரிசோர்ஸ்களை நேரடியாகத் தரும் சர்வ் ரிசோர்ஸ் மெத்தடை ஓவர்ரைடு செய்யுங்கள். பொத்தானுக்குப் பதில் ரிசோர்ஸ் யூஆர்எல் கொண்ட இணைப்பை வையுங்கள். ரிசோர்ஸ் ஐடி உங்களுடையதாக இருந்தால் கன்டென்ட் டைப்பை அமைத்து கோப்பை எழுதுங்கள். மற்றவற்றை சூப்பர் கிளாஸுக்கு அனுப்பிவிடுங்கள். அதை மறந்தால் பிரிட்ஜ் வழியாக வரவேண்டிய ரிசோர்ஸ்கள் நின்றுபோகும்.

அதே வார் கோப்பிலுள்ள (செயலியின் தொகுப்புக் கோப்பு) சர்வ்லெட்டிலும் பிடிஎஃப் தரலாம். ஆனால் செஷனில் வைத்தது இயல்பாக போர்ட்லெட் ஸ்கோப்பில் போவதால், அதன் பெயருக்கு முன்னால் போர்ட்லெட்டின் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். சர்வ்லெட் பழைய பெயரில் தேடினால் நல் (வெற்று மதிப்பு) தான் கிடைக்கும். பகிர வேண்டியதை அப்ளிகேஷன் ஸ்கோப்பில் வையுங்கள்.

பதில் 2:
வெப் எக்ஸ்எம்எல்லில் யூஆர்எல்லுக்கு மேப் செய்த ஃபில்டர், போர்ட்டல் வழியாக வரும் கோரிக்கையைப் பார்ப்பதில்லை. ஹைபர்னேட் (தரவுத்தள நூலகம்) செஷனைத் திறந்து வைக்கும் ஃபில்டர் இருந்தால் அதுவும் ஓடாது, லேசி எக்செப்ஷன் (திறந்த செஷன் இல்லாமல் தரவைக் கேட்பதால் வரும் பிழை) வரும். அதைப் போர்ட்லெட் ஃபில்டராக எழுதி ஆக்‌ஷன், ரெண்டர், ரிசோர்ஸ் மூன்று கட்டங்களுக்கும் பதியுங்கள். உள்நுழைவு ஃபில்டரை மட்டும் மாற்றி எழுதாதீர்கள், நீக்கிவிடுங்கள். பயனரை போர்ட்டல் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டது. ரிமோட் யூசரைக் கேட்டாலே போதும். ரோல்களை போர்ட்லெட் எக்ஸ்எம்எல்லில் செக்யூரிட்டி ரோல் ரெஃப் கொண்டு இணைக்க வேண்டும்.

பதில் 3:
ஜாவாஸ்கிரிப்டுக்கு: பிரிட்ஜ் கிளையன்ட் ஐடிக்கு (உலாவிக்குப் போகும் ஐடி) முன்னால் நேம்ஸ்பேஸைச் (அந்தப் போர்ட்லெட்டுக்கே உரிய முன்னொட்டு) சேர்க்க முடியும், ஆகவே ஸ்கிரிப்டில் ஐடியைக் கையால் எழுதக் கூடாது; காம்பொனென்ட்டிடமே கிளையன்ட் ஐடியைக் கேட்டு வாங்குங்கள். ஃபங்ஷன் பெயர்களுக்கும் நேம்ஸ்பேஸ் டேக் வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் போர்ட்லெட் முதலாவதன் ஃபங்ஷனை அழித்து எழுதும். சிஎஸ்எஸ்ஸில் ஐடியைத் தவிர்த்து கிளாஸைப் பயன்படுத்துங்கள். ஹெச்டிஎம்எல், ஹெட், பாடி டேக்குகள் பழைய பக்கங்களில் மிச்சமிருக்கின்றனவா என்றும் பாருங்கள்; போர்ட்லெட் தர வேண்டியது பக்கத்தின் ஒரு துண்டு மட்டுமே.